சமையலறைக்கு வெளியே எரியும் அடுப்பு

மணிமங்கலம் என்று சொன்னதும் சரித்திரம் கற்றோருக்கு ஞாபகம் வருவது ஒரு யுத்தம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன், படையெடுத்து வந்த சளுக்கிய மன்னன் புலிகேசியைப் புறமுதுகு காட்டச் செய்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அந்த வெற்றியைக் குறித்து நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் அந்தச் சேனை உண்ட சோற்றுக்கு நெல்லைக் குத்தியவர் யார், புடைத்தவர் யார், அடுப்பை ஊதியவர் யார் என்று எந்தச் செப்பேடும் எழுதி வைக்கவில்லை. பதின்மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்பும் இந்த விஷயத்தில் நமது கணக்குப் புஸ்தகம் அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் சில அன்பர்களுக்குக் கோபம் வரலாம். வந்தால் நல்லதே.

இன்று மணிமங்கலம் காஞ்சீபுரம் ஜில்லா குன்றத்தூர் தாலூகாவைச் சேர்ந்த ஊர். பெரிய ஏரி இருக்கிறது. பழைய கோயில்கள் இருக்கின்றன. ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைகிறது. சுற்றுப்புறம் மட்டும் அடியோடு மாறிவிட்டது. ஒரு பக்கம் ஒரகடம், மற்றொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். 1990-களின் பிற்பகுதி தொடங்கி மோட்டார் வண்டிகளும், அவற்றின் உறுப்புகளும், கைத்தொலைபேசிகளும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் இந்த வட்டாரத்தை நிறைத்துவிட்டன. விடியுமுன் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இளம் பெண்கள் ஏறிப் போகிறார்கள். நுட்பமான கருவிகளைப் பூட்டும் கூடங்களில் அவர்களுக்குத் தலையுறையும் முகமூடியும் தருகிறார்கள். அது அந்தப் பெண்ணின் சுவாசத்தைக் காப்பதற்காக என்பதைவிட, அவள் சுவாசமும் கேசமும் கருவியின் மேல் படாமல் காப்பதற்காக என்பதே பெரும்பாலும் உண்மை. எனினும் முகமூடி முகமூடிதான்.

இந்த வட்டாரத்துக் கிராமங்களில் அவர்களுடைய தாய்மாரின் தலைமுறைக்குத் தெரிந்த வேலை வேறு. நெல் அவித்தல், பொரி வறுத்தல், உமி புடைத்தல், மாவு இடித்தல், வடகமும் அப்பளமும் இட்டு விற்றல் ஆகிய இவையெல்லாம் சமையல் என்றும் சொல்ல முடியாத, தொழில் என்றும் யாரும் ஒப்புக்கொள்ளாத வேலைகள். அந்தத் தாய்மாருக்கு முகமூடி முந்தானைதான். அந்த முந்தானைக்குள் எவ்வளவு புகையும், தூசியும், வெப்பமும் போகின்றன என்பதைப்பற்றியே இன்று எழுதப் புகுகிறோம்.

புழுங்கலரிசியையே எடுத்துக் கொள்வோம். அதை உண்ணும் நம்மில் பலர் அது விளையும் வகையை அறிவோம். ஆக்கும் வகையை அறிவதில்லை. நெல்லைத் தொட்டியில் ஊறப் போட வேண்டும். பிறகு அண்டாவில் இட்டு, கீழே உமியோ விறகோ வரட்டியோ எரித்து, நெல் வாய் பிளக்கும் பதம் வரும்வரை ஆவியில் அவிக்க வேண்டும். உமி என்பது பார்வைக்கு இலகு, எரிக்கையில் பொல்லாதது. காற்றுக் குறைந்தால் கொழுந்து விடாமல் புகையும். ஆகவே அள்ளி அள்ளிப் போட்டுக் கிளறிக்கொண்டே அடுப்பின் வாயருகில் குந்தியிருக்க வேண்டும். பதம் வந்ததும் ஆவி பறக்கும் நெல்லை வாரிக் களத்தில் கொட்ட வேண்டும். உச்சி வெயிலில் காலால் அளைந்து அளைந்து அதை உலர்த்த வேண்டும். ஒரே நாளில் அடுப்பின் அனலும் சூரியனின் அனலும் ஒரே உடம்பின் மேல் விழுகின்றன.

இந்த வேலைக்கு நமது நாடு பட்டிருக்கும் கடன் சாமான்யமானதல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கூனூர் ஆராய்ச்சிச் சாலையில் ஸர் ராபர்ட் மக்காரிஸனும், அவருக்குப் பின் டாக்டர் அய்க்ராய்டும் அரிசியைப்பற்றிச் செய்த ஆராய்ச்சிகள் பிரசித்தமானவை. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி என்னும் நோய் ஜனங்களை வாட்டிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் அதற்குத் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதுவே காரணம். ரசாயன சாஸ்திரம் அறியாத கிராமத்து ஸ்திரீகள், தலைமுறை தலைமுறையாகக் கண் எரிந்து, இருமி, செய்துவந்த ஒரு காரியம் ஒரு ராஜதானியின் பாதி ஜனங்களை ஒரு கொடிய நோயினின்று காத்தது. எந்த மந்திரி சபையும் இவ்வளவு மலிவாக ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இப்போது நெல் அவிக்கும் வேலையில் பெரும்பகுதி ஆலைக்குப் போய்விட்டது. ஆனால் ஸ்திரீகள் அதிலிருந்து விடுபட்டுவிட்டார்கள் என்று எண்ணுவது தவறு. சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தைச் சுற்றியுள்ள நெல் ஆலைகளின் கதை சர்க்கார் தஸ்தாவேஜுகளிலேயே இருக்கிறது. முன்பணம் என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஆலைக்குள்ளேயே குடியிருந்து, இரவு பகல் பாராமல் நெல் ஊறவைத்து, அவித்து, உலர்த்திய இருளர் முதலான ஏழை மக்கள், கொத்தடிமைகள் என்று கண்டறியப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ஆம் வருஷத்தியது. சட்டம் பிறந்து பல வருஷங்கள் ஆன பின்பும் ராஜதானி நகரத்தின் எல்லையிலேயே அதற்கு வேலை இருந்தது.

நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. அந்த உமியை எரித்தால் சுமார் நான்கு கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி மணலுக்கு ஆதாரமான சிலிகாவே. அது இறகைப்போல் லேசானது. சிறு காற்றுக்கும் எழும்பிக் கண்ணிலும் மூக்கிலும் புகும். நெல் தூசியில் வேலை செய்பவர்களுக்குக் கண் அரிப்பு, தோல் அரிப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் சேர்ந்து வருவதைக் கண்டு, மலேயாவின் டாக்டர்கள் 1984-ல் அதற்கு நெல் ஆலைக்காரர் நோய் என்றே ஒரு பெயர் இட்டார்கள். நம் ஊரில் அதற்குப் பெயரே இல்லை. ‘தூசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம். பெயர் இல்லாத நோய்க்கு எந்த இலாகாவும் பொறுப்பேற்காது. நெல் ஊறிய நீரின் கதையும் இதுவே. புளித்து நாறும் அந்த நீரைச் சுத்தி செய்யாமல் வாய்க்காலில் விட்டால் அது ஏரியையும் குட்டையையும் கெடுக்கிறது. மாசுத் தடுப்பு வாரியத்தார் ஆலையைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த நீரில் நாள் முழுதும் காலும் கையும் நனைய நிற்பவளை எந்த வாரியமும் கேட்பதில்லை.

புகையைப்பற்றி யூகமாக ஏதோ சொல்கிறோம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். மணிமங்கலத்துக்குச் சமீபத்திலேயே, போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா வைத்திய ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டின் நான்கு ஜில்லாக்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகும் வரட்டியும் எரியும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நெஞ்சுக்குள் புகும் நுண்தூசி இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால், சமைப்பவள் சுவாசித்தது சுமார் 231. சமைக்காதவர் சுவாசித்தது சுமார் 90. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் மிக நுண்ணிய தூசிக்கு ஒரு நாளைக்கு விதித்த வரம்பு 15. அளந்த தூசியின் வகை இரண்டிலும் சற்றே வேறானாலும் வித்தியாசம் எவ்வளவு என்பது கண்கூடு. ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பின் சோற்றை உண்ணும் புருஷனுக்கும் ஸ்திரீக்கும் காற்று மட்டும் வேறு.

இந்தப் புகையால் வருபவை இருமல் மட்டுமல்ல. மூச்சுக் குழாய்கள் சுருங்கி மூச்சு முட்டும் தீராநோய், இருதய நோய், கண்ணில் புரை, குழந்தைகளுக்கு நிமோனியா என்று பட்டியல் நீளும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நாம் மேலே சொன்னவை இரண்டு வேளைச் சமையலின் கணக்கு என்பதை நேயர்கள் மறக்கலாகாது. பிழைப்புக்காக எட்டு மணி, பத்து மணி நேரம் அடுப்பின் முன் இருப்பவள் தன் வீட்டுச் சமையலை அதற்கு மேல் தனியாகச் செய்கிறாள்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 2006-ல் தமிழ்நாட்டில் பதவிக்கு வந்த சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்புத் தந்தது. 2016 மே மாதம் முதல் தேதி மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தை ஆரம்பித்து, இதுவரை 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளைக் குடும்பத்து ஸ்திரீகளின் பெயரிலேயே வழங்கியிருக்கிறது. பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும் என்ற விதியை வகுத்தவரை நாம் பாராட்டுகிறோம். காஸ் வந்தால் புகை குறைகிறது என்பதிலும் சந்தேகமில்லை. தமிழ்நாட்டிலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா தேசங்களிலும் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஒரு பெரிய பரீட்சையின் முடிவு 2022-ல் வெளிவந்தது. காஸ் அடுப்புப் பெற்றவர் சுவாசித்த நுண்தூசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தையின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணவில்லை. பல வருஷப் புகையைச் சில மாதத்து காஸ் துடைத்துவிடாது போலும் என்று நமக்குத் தோன்றுகிறது. சாஸ்திரிகள் தீர்மானிக்கட்டும்.

நாம் கேட்பது வேறொரு கேள்வி. அடுப்புகள் இரண்டு. ஒன்று வீட்டுக்குள் எரிவது. மற்றொன்று பிழைப்புக்காக வெளியே, வாசலிலோ கொல்லையிலோ கீற்றுக் கொட்டகையிலோ எரிவது. சர்க்கார் முதல் அடுப்பைக் கண்டது, இரண்டாவதைக் காணவில்லை. காணாமற்போனது மட்டுமா? அதை அணைக்கவும் வழியில்லாமல் செய்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குத் தந்த 14.2 கிலோ சிலிண்டரை வேறு காரியத்துக்கு உபயோகிப்பது 2000-ஆம் வருஷத்து உத்தரவின்படி குற்றம். உஜ்வலா சிலிண்டரை வைத்து ஒரு விதவை பொரி வறுத்து விற்றால் அவள் குற்றவாளி. வியாபாரத்துக்கென்று தனியாக விற்கும் 19 கிலோ சிலிண்டரை வாங்கலாம். அதன் விலை பட்டணத்து ஹோட்டல்காரருக்கே பாரமாக இருக்கிறது. ஆகவே அவள் விறகுக்கே திரும்புகிறாள். சலுகை விலையில் வரும் சிலிண்டரை ஹோட்டல்காரர்கள் களவாடாமல் தடுக்கவே இந்த உத்தரவு பிறந்தது, நோக்கம் சரிதான். ஆனால் பெரிய ஹோட்டல்காரரையும் மூன்று படி பொரி விற்பவளையும் ஒரே தராசில் நிறுத்தும் நீதி விசித்திரமானது.

உணவுச் சட்டத்தைப் பார்ப்போம். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2011-ல் வந்த விதிகளும் விரிவானவை. உணவைத் தொடுபவருக்குத் தொற்று நோய் இருக்கக்கூடாது. வருஷந்தோறும் டாக்டர் பரீட்சை செய்து அத்தாட்சி தர வேண்டும் என்று விதிக்கின்றன. மிகவும் நியாயம். ஆனால் அந்தப் பரீட்சை தேடுவது, அவளால் உணவுக்குக் கேடு உண்டா என்பதை. அந்த உணவால் அவளுக்குக் கேடு உண்டா, அவள் மூச்சு எவ்வளவு, கண் எப்படி, கை எப்படி என்று தேடுவது அதன் வேலை அல்ல. உண்பவரின் குடலுக்கு ஓர் இலாகா இருக்கிறது. ஆக்குபவளின் நெஞ்சுக்கு இலாகா இல்லை.

தொழிலாளர் சட்டம் இருக்கிறதே என்று கேட்பார்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி யந்திர சக்தி உள்ள இடமானால் 10 பேர், இல்லாத இடமானால் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் வருஷத்துப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்தது; அது இந்த எண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. 10 பேருக்குக் குறைந்த ஸ்தலங்களின் மேல் பொதுவாக அந்தத் தொகுப்பின் நிழலே படுவதில்லை. கிராமத்து ஸ்திரீகளின் உணவுத் தொழிலோ இருவர், நால்வர், அறுவராக நடப்பது. அபாயம் ஆட்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு வருவதில்லை, சட்டம்தான் எண்ணுகிறது.

எண்ணிக்கைக்குள் வந்தவர்களுக்கு நீதி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதையும் இதே வட்டாரம் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கள் விடுதியில் கெட்ட உணவை உண்டு நோயுற்றார்கள்; 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய சகோதரிகள் சென்னை - பெங்களூர் ராஜபாட்டையில் உட்கார்ந்து மறித்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் நின்றது. அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கம்பெனியார் விசாரித்தார்கள். சர்க்கார் அதிகாரிகள் விடுதி விடுதியாகப் போனார்கள். அந்தப் பெண்கள் பெற்றது அவர்கள் தைரியத்தால் பெற்றது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடியிருந்ததால்தான் மறிக்கவும் முடிந்தது. கொல்லையில் தனியாக நெல் அவிக்கும் அவர்களுடைய தாய் எந்த ரஸ்தாவை மறிப்பாள்?

புகையை விட்டுக் கைக்கு வருவோம். மணிமங்கலத்திலிருந்து தெற்கே பண்ருட்டிக்குப் போனால் முந்திரிக் காடு. சேராங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் என்ன ஆகும் என்று நமது பாட்டிமாருக்குத் தெரியும். வண்ணார் துணிக்குக் குறியிட உபயோகித்த அந்தக் கொட்டைக்கும் முந்திரிக்கும் ஒரே குடும்பம். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் கரிய எண்ணெய் ஒன்று இருக்கிறது. தோலைக் கொப்புளிக்கச் செய்யும் அமிலம் அது. கொட்டையை வறுக்கையில் அது எரிந்து கண்ணைக் கரிக்கும் புகையாகிறது. உடைக்கையில் விரலில் ஒட்டித் தோலை அரிக்கிறது. பண்ருட்டிப் பக்கத்திலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் இந்த வேலை பெரும்பாலும் ஸ்திரீகளுடையதே. காப்பு என்ன? அடுப்புச் சாம்பலைக் கையில் பூசிக்கொள்வது, அல்லது விளக்கெண்ணெய். கையுறை போட்டால் பருப்பு விரலுக்குப் பிடிபடாது, உடைந்துவிடும். உடைந்த பருப்புக்கு விலை பாதி. எடைக்குக் கூலி வாங்குபவள் கையுறையைக் கழற்றி வைத்துவிடுகிறாள். அதை அறியாமை என்று உபதேசம் செய்ய வருபவர்கள் கூலி விகிதத்தை முதலில் படிக்கட்டும்.

கரிந்த விரல் ரேகைகளோடு ரேஷன் கடைக்குப் போகும் ஸ்திரீயின் சங்கடம் இந்த யுகத்துக்கே உரியது. யந்திரத்தில் விரலை வைத்து ‘நான் நான்தான்’ என்று நிரூபிக்க வேண்டிய காலம் இது.

அந்தக் கரிய எண்ணெயைச் சீமைக்காரர்கள் வீணாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிலிருந்து எடுக்கும் பொருள் மோட்டார் வண்டிகளின் பிரேக் லைனிங் செய்வதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ஆகவே ஒரகடத்தின் மோட்டார் தொழிலுக்கும் பண்ருட்டிக் குடிசைக்கும் நாம் நினைப்பதைவிட உறவு நெருக்கம். பக்கத்துக் கேரளத்தில் கொல்லத்து முந்திரித் தொழிலாளர் ஸ்திரீகள் வெகு காலம் முன்பே சங்கம் கண்டு போராடினார்கள். 1969-ல் அந்த ராஜ்ய சர்க்கார் முந்திரிக்கென்றே ஒரு கார்ப்பொரேஷன் அமைத்தது. அங்கே கூலி உயர்ந்ததும் முதலாளிகளில் பலர் எல்லையைத் தாண்டிக் கன்னியாகுமரிப் பக்கம் கொட்டகை போட்டார்கள். மலிவான உழைப்பைத் தேடி மூலதனம் நடந்து வந்த தூரம் சில மைல்தான். தமிழ் ஸ்திரீயின் கை மலிவு என்பதில் நமக்கு என்ன பெருமை இருக்க முடியும்?

உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் கொட்டகையிலும் இதே கதைதான். புருஷன் பனை ஏறுகிறான். அவன் வேலையின் அபாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மனைவி ஓலைக் கொட்டகைக்குள் மட்டையும் முள்ளும் எரித்து மணிக் கணக்கில் பாகு கிண்டுகிறாள். அவளுடைய அபாயம் புகைக்குள் மறைந்துவிடுகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மணப்பாறை முறுக்குக்கும் கிடைத்திருக்கிறது. பண்டத்தின் பெயரைத் திருடக்கூடாது என்று சட்டம் காக்கிறது. நல்ல காரியம்.

இதற்குப் பரிகாரம் கிடையாது என்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவைப் பார்க்கட்டும். கடற்கரை ஸ்திரீகள் மீனைப் புகையிட்டுப் பதப்படுத்தி விற்பது அங்கே பழமையான தொழில். கானா தேசத்தின் தலைநகரான அக்ராவை அடுத்த சோர்க்கோர் என்னும் மீனவர் குப்பத்தில், அந்த ஸ்திரீகளோடு சேர்ந்தே யோசித்து ஒரு புதிய அடுப்பை உருவாக்கினார்கள். குறைந்த விறகில் நிறைய மீன் பதமாயிற்று. அடுப்புக்கு அந்தக் குப்பத்தின் பெயரே நிலைத்துப் பல நாடுகளுக்குப் பரவிற்று. பிற்பாடு செனகால் தேசத்துத் தியாரோயேயில் அதை மேலும் திருத்தி, புகை வெகுவாகக் குறையும்படி செய்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தத் திருத்தத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் ஒன்று, மீனில் புகை நஞ்சு இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று ஐரோப்பியர் விதித்த வரம்பு. தின்பவனின் வயிற்றுக்காகப் பிறந்த சீர்திருத்தத்தால் சமைப்பவளின் நெஞ்சும் பிழைத்தது. எப்படியாவது பிழைத்தால் சரி.

நமது நாட்டிலும் இந்த யோசனை புதிதல்ல. 1934-ல் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை அமைத்தபோது அதன் காரியதரிசியாக இருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தலரிசியின் சத்தைப்பற்றி அவர்கள் செய்த பிரசாரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். வார்தாவின் மகன்வாடியிலேயே புகையில்லா அடுப்பொன்றையும் செய்து பரப்பினார்கள் என்பது அவ்வளவு ஞாபகமில்லை. 1953-ல் ஹைதராபாத் இஞ்சினீயர் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான ஏழைகளுக்கான புகையில்லாச் சமையலறையைப்பற்றித் தனியாக ஒரு புஸ்தகமே வெளியிட்டார். கிராமத் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற முதல் பாதியைத் தேசம் கோஷமாக்கிக் கொண்டது. அதைச் செய்பவளின் கண் எரியக்கூடாது என்ற இரண்டாம் பாதியைப் பரணில் போட்டது.

இங்கே இரு தரப்பாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரம்பரிய உணவு என்றால் எல்லாமே புனிதம் என்று கொண்டாடுபவர்கள் ஒரு தரப்பு. இப்போது பட்டணத்துக் கடைகளில் கைக்குத்தலரிசியும் கருப்பட்டியும் மரச்செக்கு எண்ணெயும் இரட்டிப்பு விலைக்கு விற்கின்றன. உலக்கைக்கு ஒரு புகழ். உலக்கை பிடித்தவளின் இடுப்பு வலிக்கு யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்பதில்லை. இந்தத் தொழில்கள் எப்படியும் அழியப் போகின்றன, பெண்கள் ஒரகடத்துக்குப் போய்விடுவார்கள், இதற்காகச் சட்டம் எதற்கு என்பவர்கள் மற்றொரு தரப்பு. இளம் பெண்கள் போவது மெய்யே. ஐம்பது வயது ஸ்திரீயை எந்தக் கம்பெனி பஸ்ஸும் ஏற்றிச் செல்வதில்லை. கம்பெனியில் சில வருஷம் இருந்து ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கும், அவள் கையில் மிஞ்சுவது தாயின் அடுப்புத்தான். 2020 முதல் மத்திய சர்க்கார் சிறு உணவுத் தொழில்களுக்கு முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியமும், மகளிர் சுய உதவிக் குழு அங்கத்தினர்களுக்குத் தலைக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்பப் பணமும் தரும் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. ஆகவே தொழில் அழியவில்லை, சர்க்காரே வளர்க்கிறது. வளர்க்கும் கை புகைபோக்கிக்கும் சேர்த்துப் பணம் தரட்டும் என்கிறோம்.

சென்னை சர்க்கார் செய்யக்கூடியது அதிகம். புதிய சட்டத் தொகுப்பிலேயே ஒரு வாசல் இருக்கிறது: அபாயமுள்ள வேலை நடக்கும் இடத்தில் ஒரே தொழிலாளி இருந்தாலும் அச்சட்டத்தைப் பொருத்திக் கட்டளையிட மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. முந்திரி வறுப்பதையும் உடைப்பதையும் முதலில் அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவரும்படி கேட்க வேண்டும். மகளிர் குழுக்கள் நடத்தும் உணவுத் தொழிலுக்கு, வீட்டு சிலிண்டருக்கும் ஹோட்டல் சிலிண்டருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு விலை வகுக்கும்படி டில்லியை வற்புறுத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறாளே, அவளிடம் ஊதிப் பார்த்து மூச்சை அளக்கும் சிறு கருவி ஒன்றையும் தந்து, ‘என்ன அடுப்பில் எத்தனை மணி நேரம்?’ என்ற ஒரு கேள்வியையும் கூட்டினால் இரண்டே வருஷத்தில் இந்த நாட்டுக்குத் தன் நோயின் பெயர் தெரிந்துவிடும்.

மற்றது நமது நேயர்களின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் ஊருக்கு ஊர் கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, ஏரி ஆக்கிரமிப்பு எல்லாம் பேசப்படுகின்றன. பேசுபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் புருஷர்களே. மணிமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளிலும் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம்: நம் ஊரில் பிழைப்புக்காக வீட்டுக்கு வெளியே எரியும் அடுப்புகள் எத்தனை, அவற்றின் முன் இருப்பவர் யார் யார் என்று கணக்கெடுக்க வேண்டும், அவர்கள் கூடி வேலை செய்ய, உயர்ந்த கூரையும் புகைபோக்கியும் தண்ணீர்க் குழாயும் உள்ள பொதுக் கொட்டகை ஒன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இடம் எங்கே, உயரம் எவ்வளவு, அடுப்பு எந்தப் பக்கம் என்பதை அந்த ஸ்திரீகளையே கேட்டுத் தீர்மானத்தில் எழுத வேண்டும். கூட்டத்தை அவர்கள் நெல் உலர்த்தும் நேரத்தில் வைக்காதிருப்பதும் அவசியம்.